வீட்டிலேயே மேசை நீரூற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மண்சட்டி நீரூற்று ஓடிக்கொண்டிருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "எங்கேயோ பைப்பை மூடாம விட்டுட்டீங்க போல" என்பார்கள். உள்ளே வந்து பார்த்ததும் கேள்விகள் ஆரம்பமாகும். ஏழெட்டு நீரூற்று செய்து, பாதியைக் கெடுத்து, மிச்சத்தை ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற தகுதியில் அந்தக் கேள்விகளுக்கான பதில்களை எழுதி வைக்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்?

தண்ணீர் நிற்க ஒரு கீழ்த் தொட்டி, அதில் மூழ்கிக் கிடக்கும் சின்ன மோட்டார், தண்ணீரை மேலேற்ற ஒரு முழம் குழாய், தண்ணீர் விழுந்து வழிய ஒன்றிரண்டு சட்டி, மோட்டாரை மறைக்கக் கூழாங்கல். அவ்வளவுதான். மோட்டாரையும் குழாயையும் தவிர மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும். விரிசல் விடாத பழைய பூந்தொட்டி, மூடி உடைந்த ஊறுகாய் ஜாடி, பரணில் கிடக்கும் பித்தளை உருளி எதுவும் ஆகும்.

வாங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். செய்கிற நாளில் அழகு கண்ணில் படும். மூன்றாம் மாதத்தில் அழுக்குதான் கண்ணில் படும். கழற்றிக் கழுவ முடியாதபடி கட்டிய நீரூற்று எதுவும் எங்கள் வீட்டில் ஒரு வருடம் தாண்டியதில்லை.

எந்த மோட்டார் வாங்குவது?

மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் 'சப்மெர்சிபிள் பம்பு' என்று கேளுங்கள். பெட்டியின் மேல் மூன்று எண்கள் இருக்கும். வாட்ஸ் மின்சாரத்தைச் சொல்லும். மணிக்கு எத்தனை லிட்டர் என்பது தண்ணீரின் அளவு. மூன்றாவது 'ஹெட்', மேசை நீரூற்றுக்கு முக்கியமானது இதுதான், பலரும் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

ஹெட் 60 சென்டிமீட்டர் என்றால், தண்ணீர் அந்த உயரம் வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். அதாவது அந்த உயரத்தில் ஒரு சொட்டுகூட வெளியே விழாது. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கோ ஏற்றமே இல்லாதபோது வருவது. ஆக, உங்கள் நீரூற்றின் உச்சி தொட்டித் தண்ணீரிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரம் என்றால், 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை ஹெட் உள்ளதை வாங்குங்கள். பொதுவாக 5 வாட்ஸுக்குள் அடங்கிவிடும்.

ஏர் கூலருக்குப் போடும் 18 வாட்ஸ் மோட்டார் விலை குறைவு, எலக்ட்ரிகல் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். ஆனால் ஒன்றரை மீட்டருக்கு மேல் தூக்கும் அந்த மோட்டாரை ஒன்றரை அடி நீரூற்றில் வைத்தால் தண்ணீர் சீலிங்கைப் பார்க்கும். கையில் அதுதான் இருக்கிறது என்றால் மேலே போகும் குழாயில் ஒரு 'டீ' (T வடிவில் மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, அதன் ஒரு காலில் சின்ன வால்வு வைத்து, மிஞ்சிய தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுங்கள்.

கரண்ட் பில் ஏறுமா?

5 வாட்ஸ் மோட்டார் தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் ஒன்றரை யூனிட். கூலர் மோட்டார் என்றால் அதே கணக்கில் 5.4 யூனிட். பயப்பட ஒன்றுமில்லை.

யூ.எஸ்.பி மோட்டார், சோலார் மோட்டார் எப்படி?

5 வோல்ட் யூ.எஸ்.பி மோட்டார் போன் சார்ஜரிலேயே ஓடும். ஷாக் பயம் இல்லை என்பதால் குழந்தைகளோடு சேர்ந்து செய்வதற்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு சாண் உயர நீரூற்றுக்குத் தாராளமாகப் போதும். சோலார் தகடோடு வரும் மிதவை மோட்டாரை மொட்டைமாடியில் வைக்கலாம். பாட்டரி இல்லாத வகை என்றால் ஒரு மேகம் கடந்தாலும் நின்றுவிடும். வீட்டுக்குள் வைக்க அது ஆகாது.

கீழ்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கடையில் வாங்கும் நீரூற்றுகள் பலவற்றிலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நீரூற்று ஓடும்போது தண்ணீரில் ஒரு பங்கு மேல் சட்டிகளிலும் குழாயிலும் இருக்கும். கரண்ட் போனதும் அதில் விளிம்பு வரை நிறைந்தது போக மிச்சமும், குழாயில் நின்ற தண்ணீரும் கீழே இறங்கும். கீழ்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தால் அது முழுக்க மேசை மேல்தான். எங்கள் வீட்டில் ஒரு மின்வெட்டில் இப்படி நனைந்தது டிவி ஸ்டாண்டு.

சோதனை எளிது. எல்லாவற்றையும் பொருத்திப் பின்கட்டில் வைத்து ஓட விடுங்கள். ஓடும்போது மோட்டார் மூழ்கியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் சுவிட்சை அணைத்து, எல்லாத் தண்ணீரும் இறங்கிய பிறகு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றால் சரி. அந்த மட்டத்தில் உள்பக்கம் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், வீட்டில் யார் தண்ணீர் ஊற்றினாலும் அளவு தெரியும்.

மண்சட்டி கசிகிறதே?

கசியத்தான் செய்யும். பானைத் தண்ணீர் குளிர்வதே அது வியர்ப்பதால்தானே. மேல் சட்டிகளில் அந்தக் கசிவு ஒரு பொருட்டில்லை, வழிந்து கீழேதான் வரும். கீழ்த் தொட்டி மண்ணாக இருந்தால்தான் சிக்கல்: மேசை மரம் ஊறிவிடும், சட்டியின் வெளிப்பக்கம் உப்புப் பூக்கும்.

இரண்டு வழி உண்டு. உள்ளே வாட்டர் ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட்டிங் அடித்து நன்றாகக் காய விடலாம். அல்லது உள்ளே அடங்கும் அளவில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, விளிம்பைக் கூழாங்கல்லால் மறைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கழுவும் நாளில் பேசினை மட்டும் தூக்கிப் போய்க் கொட்டிவிட்டு வரலாம்.

மண்சட்டி உடையாமல் ஓட்டை போடுவது எப்படி?

பொறுமையாக. முந்தின இரவே சட்டியைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். ஊறின மண் தூசி கிளப்பாது, சூடேறியும் வெடிக்காது. மறுநாள் ஒரு மணல் மூட்டையின் மேல் சட்டியைக் கவிழ்த்து, அசையாமல் உட்கார வைத்து, ஓட்டை விழ வேண்டிய இடத்தில் செலோ டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டுங்கள். டிரில்லில் சுத்தியல் குறி போட்ட பக்கம் இருக்கும் திருகை மறக்காமல் சாதாரண சுழற்சிக்கு மாற்றிவிடுங்கள். முதல் சட்டியை நான் உடைத்தது இதை மறந்துதான்.

சுவரில் போடும் பிட்டிலேயே 6 மில்லிமீட்டர் அளவை எடுத்து மெதுவான வேகத்தில் ஆரம்பியுங்கள். அழுத்தாதீர்கள், டிரில்லின் எடையே போதும். செம்மண் சேறு சுருள் சுருளாக வெளியே வரும். சத்தம் மாறி மெல்லியதாகும்போது மறுபக்கம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான சட்டிகள் அந்தக் கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான் பிளக்கும். ஓட்டை விழுந்தபின் வட்ட அரத்தால் சுற்றிச் சுற்றி ராவி, குழாய் நுழையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள்.

பளபளப்பான பீங்கான் என்றால் இந்த பிட் வழுக்கும். அதற்கு டைல்ஸ் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் வைரத்தூள் ஒட்டிய வட்ட பிட் வேண்டும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போட வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒயர் உள்ள டிரில் வேண்டாம். பாட்டரி டிரில் இரவல் வாங்குங்கள்.

ஓட்டையில் குழாயை எப்படிப் பொருத்துவது? எம்-சீல் போதுமா?

எம்-சீல் பிடிக்கும், கசியாது, ஆனால் பிறகு கழற்ற முடியாது. பிளம்பிங் கடையில் 'டேங்க் நிப்பிள்' என்று கேட்டால் இரண்டு பக்கமும் ரப்பர் வாஷரோடு ஒரு திருகு கொடுப்பார்கள், மொட்டைமாடி டேங்கில் போடுவதுதான். அரை இன்ச் அளவு மேசை நீரூற்றுக்குச் சரியாக இருக்கும். ஒட்டு எதுவும் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். அதற்கு இடமில்லை என்றால் மீன் தொட்டி ஒட்டும் சிலிக்கான் பயன்படுத்துங்கள். வினிகர் வாசனை அடிக்கும்; ஒரு முழு நாள் காய விடாமல் தண்ணீர் படக் கூடாது.

குழாய்க்கு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் நன்றாக வளையும். கூர்மையாக மடக்கினால் மட்டும் நசுங்கித் தண்ணீர் நின்றுவிடும்.

தெர்மாகோலும் சிமெண்டும் வைத்து அருவி செய்கிறார்களே, அது நன்றாக இருக்குமா?

வீடியோவில் நன்றாக இருக்கும். என் முதல் நீரூற்றே அதுதான். பாறை, குகை, நடுவில் ஒரு சின்னப் பாலம் என்று இரண்டு வாரம் உழைத்தேன். மோட்டாரைப் பாறைக்கு அடியில் வைத்து, வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று சிமெண்டைச் சுற்றிப் பூசிவிட்டேன். பார்க்க அருமை. மூன்றாம் மாதம் மோட்டார் உறுமியது. தூசியும் பாசியும் அதன் வாயை அடைத்திருந்தன. இரண்டு நிமிடத்தில் கழுவ வேண்டிய வேலை. ஆனால் கையே நுழையவில்லை. கடைசியில் சுத்தியலை எடுத்தேன். மோட்டார் பிழைத்தது, பாலம் போய்விட்டது.

செய்துதான் ஆவேன் என்றால் சில குறிப்புகள். வாசனை தூக்கும் மஞ்சள் நிற ரப்பர் பசையும் எனாமல் பெயிண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபெவிகாலும் அக்ரிலிக் பெயிண்டும்தான் சரி. சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்து, பூசியபின் ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும் என்பதால் முதல் சில நாள் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மோட்டார் இருக்கும் இடத்துக்கு, தூக்கி எடுக்கும்படி ஒரு கல்லையோ மூடியையோ கட்டாயம் வையுங்கள்.

தண்ணீர் விளிம்பிலிருந்து விழாமல், சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வழிகிறது. என்ன செய்வது?

டீயை மெதுவாக ஊற்றினால் பாத்திரத்தின் வெளிப்பக்கமாகவே வழிந்து கையைச் சுடுமே, அதே கதைதான். உருண்டையான விளிம்பும் குறைந்த வேகமும் சேர்ந்தால் தண்ணீர் வளைந்து உள்ளே திரும்பிவிடும். சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு கோடு இழுத்து விடுவது எதற்கு? சுவர்வரை ஓடாமல் தண்ணீர் அங்கேயே சொட்டட்டும் என்றுதான். அதையே இங்கும் செய்யுங்கள்: விளிம்பின் அடியில் சிலிக்கானால் மெல்லிய வரப்பு ஒன்று வையுங்கள். அல்லது தண்ணீர் விழ வேண்டிய இடத்தில் மட்டும் விளிம்பை அரத்தால் ராவி ஒரு சின்ன மூக்கு எடுத்துவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் மாவிலை வடிவில் ஒரு துண்டு வெட்டி, முனை கீழ்நோக்கி இருக்கும்படி ஒட்டினாலும் தண்ணீர் அதன் நுனியிலிருந்து கோடு போல விழும். எங்கள் வீட்டில் இருப்பது அதுதான்.

சட்டி மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நெல்மணி அளவு சாய்ந்தாலும் தண்ணீர் ஒரே பக்கம்தான் போகும். சுற்றிலும் ஒரே சீராக வழிய வைப்பது கையால் செய்த சட்டியில் நடக்காத காரியம், அதற்காக மல்லுக்கட்டாதீர்கள்.

மேசையெல்லாம் தெறிக்கிறதே?

விழும் உயரத்தைக் குறையுங்கள், அல்லது தொட்டியை அகலமாக்குங்கள். மேல்நோக்கிப் பீச்சும் வகை என்றால், தொட்டியின் குறுக்களவு பீச்சும் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். கீழே விழும் வகையில், தண்ணீர் விழும் இடத்தில் சின்னக் கூழாங்கற்களைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே லேசாகத் தலை நீட்டும்படி குவித்தால் தெறிப்பு பாதியாகும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

சத்தம் இனிமையாக வர என்ன வழி?

பாதிப் பேர் நீரூற்று செய்வதே இதற்காகத்தான். கடைசியில் கேட்பதோ பாத்ரூம் சத்தம்!

தண்ணீர் விழும் ஓசையில் பெரும்பங்கு தண்ணீருடையது அல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழுடையது. மார்செல் மின்னேர்ட் என்ற வானியலாளர் 1933-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் நொடிக்குச் சுமார் 1000 முறை அதிரும். குமிழ் சிறுத்தால் சுருதி ஏறும், பெருத்தால் இறங்கும். தடித்த ஒற்றைத் தாரை ஆழமான தண்ணீரில் விழுந்தால் பெரிய குமிழ்களைக் கிளப்பிக் கனத்த 'களக் களக்' கேட்கும். அதே தண்ணீரை நாலைந்து மெல்லிய இழைகளாகப் பிரித்து விட்டால் 'சலசல'வென்று ஆகிவிடும்.

நான் செய்வது இப்படி: மோட்டாரை ஓட விட்டு, ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்து, தண்ணீர் விழும் இடத்தில் ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே போவேன். பாதித் தாரை கல்லிலும் பாதி தண்ணீரிலும் விழும் ஒரு இடம் வரும். அங்கே காது நிற்கும். கல்லை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். ஒரு விரல் தள்ளினால் அது போய்விடும். கழுவி வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் திரும்பத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு அது ஒரு தொல்லையாகப் படவில்லை.

தண்ணீர்ச் சத்தத்தை விட மோட்டார் சத்தம்தான் கேட்கிறது.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். உள்ளே காற்று மாட்டியிருக்கலாம்: மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து ஆட்டுங்கள், குமிழ் வெளியே வரும். மோட்டார் தொட்டியின் சுவரைத் தொட்டு அதிரலாம்: அடியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். தண்ணீர் குறைந்து காற்றை உறிஞ்சலாம்: இது ஆபத்து. இந்தச் சின்ன மோட்டார்கள் தண்ணீராலேயே குளிர்கின்றன, உலர்ந்து ஓடினால் எரிந்துவிடும்.

எதுவும் இல்லை என்றால் கரண்டை எடுத்துவிட்டு முன்மூடியைக் கழற்றுங்கள். உள்ளே காந்தத்தோடு கூடிய சின்ன விசிறி கையோடு வரும். அதைச் சுற்றித் தலைமுடியும் வழவழப்பும் இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போட்டால் புது மோட்டார் போல ஓடும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்? வெள்ளையாகப் படிகிறதே?

போர்வெல் தண்ணீர் என்றால் ஒரே வாரத்தில் கருங்கல்லும் சாம்பல் பூசிக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. தினம் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே வரும். அதனால் மேலே மேலே ஊற்றுவது மட்டும் போதாது, இடையிடையே முழுவதையும் கொட்டி மாற்ற வேண்டும். மழைத் தண்ணீர் அருமையானது. ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது. குடிக்கத்தான் ஆகாது, நீரூற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. வாளியில் பிடித்து மூடி வையுங்கள்.

படிந்துவிட்ட உப்பை வினிகரோ எலுமிச்சைச் சாறோ கரைக்கும். ஆனால் மார்பிளிலும் கடப்பாக் கல்லிலும் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சுண்ணாம்பு வகைக் கற்கள், புளிப்பு பட்ட இடம் அரித்து மங்கிவிடும். கூழாங்கல் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள், பொங்கினால் சுண்ணாம்பு. பித்தளை உருளிக்கு வழக்கம்போல் புளிதான்.

பாசி பிடிக்காமல் இருக்க?

வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜன்னல் ஓரத்து நீரூற்று பத்து நாளில் பச்சையாகும், அறையின் உள்மூலையில் இருப்பது மாதக்கணக்கில் தெளிவாக இருக்கும். கழுவும்போது ப்ளீச்சிங் திரவம் சில சொட்டு விட்டு ஊற வைத்துப் பிறகு நன்றாக அலசலாம். அதை வினிகரோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். ஓடும் தண்ணீரில் ப்ளீச்சிங் வேண்டாம். பூனை வந்து குடிக்கும். எங்கள் தெருப் பூனைக்கு எங்கள் நீரூற்றைத் தவிர வேறு தண்ணீர் இறங்குவதில்லை.

கொசு வராதா?

ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரில் கொசு முட்டையிட விரும்பாது. நீங்கள் அணைத்து வைத்துவிட்டு மறந்துபோகும் நாட்கள்தான் பிரச்சினை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட சுத்தமான, நிழலான, தேங்கிய தண்ணீர்தான் வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை கொட்டினால் அந்தச் சங்கிலி அறும்.

கொட்டினால் மட்டும் போதாது. அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில்தான் முட்டையை ஒட்டும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். உள்பக்கத்தை நாரால் தேய்த்துத்தான் கழுவ வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது?

தினமும் மட்டம் பார்த்து ஊற்றுவது, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றித் தொட்டியைத் தேய்ப்பது, மாதம் ஒருமுறை மோட்டாரைப் பிரிப்பது. என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும் வாளியோடு இதுவும் சேர்ந்துவிட்டது, இருபது நிமிட வேலை. கழுவாத நீரூற்று வெறும் அழுக்கு விஷயம் மட்டும் அல்ல. ஓட்டல், மருத்துவமனை அலங்கார நீரூற்றுகளின் சாரலிலிருந்து லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் நுரையீரல் தொற்று பரவிய சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நுரையீரல் நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ள பெரியவர்கள் இருக்கும் அறையில் நீரூற்றே வேண்டாம் என்பேன்.

ஷாக் அடிக்குமா?

நல்ல மோட்டார், விரிசல் இல்லாத ஒயர் என்றால் அடிக்காது. ஆனாலும் தண்ணீரில் கை வைக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் கணக்கில்லை. ஒயர் தொட்டியிலிருந்து நேராக ப்ளக்குக்குப் போகக் கூடாது. நடுவில் ப்ளக்கை விடக் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். ஒயர் வழியே தண்ணீர் இறங்கினால் அந்த வளைவில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீரூற்றுக்கு அடியில் தரையில் போடவே போடாதீர்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். நீரூற்று இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டியதுதான்.

அறை குளுகுளுவென்று ஆகுமா?

ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை உறிஞ்சும். எங்கள் நீரூற்றில் ஒரு நாளைக்குக் குறைவது சுமார் அரை லிட்டர். ஒரு டன் ஏ.சி அதே வெப்பத்தை ஆறே நிமிடத்தில் வெளியேற்றிவிடும். அதிலும் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஆவியாவதே குறைவு. குளுமை காதுக்குத்தான், தோலுக்கு இல்லை.

புகை வரும் கருவி வைக்கலாமா?

அது புகை அல்ல. நொடிக்குப் பதினேழு லட்சம் முறை போல அதிரும் ஒரு சின்னத் தகடு தண்ணீரைப் பொடிப் பொடியாக்கிப் பனிபோல் கிளப்புகிறது. தகட்டுக்கு மேலே குறிப்பிட்ட அளவு தண்ணீர் நிற்க வேண்டும், குறைந்தால் தகடு கெடும். போர்வெல் தண்ணீரில் வைத்தால் உப்பும் பனியோடு பறந்து டிவி மேல் வெள்ளைத் தூளாக இறங்கும். விசேஷ நாளுக்கு ஒரு மணி நேரம் போடலாம், தினமும் வேண்டாம்.

கரண்டே இல்லாமல் நீரூற்று செய்ய முடியுமா?

முடியும், சில நிமிடங்களுக்கு. அலெக்சாண்டிரியாவின் ஹீரோன், கி.பி. முதல் நூற்றாண்டு ஆள், அவர் பெயரால் வழங்கும் ஒரு நீரூற்று இருக்கிறது. பள்ளிக் கண்காட்சிக்கு இதைவிட நல்லது கிடையாது. மேலே ஒரு திறந்த கிண்ணம். அதற்கு ஒட்டினாற்போல் கீழே தண்ணீர் நிரம்பிய பாட்டில். தரையில் ஒரு காலி பாட்டில். கிண்ணத்துத் தண்ணீர் ஒரு குழாய் வழியே தரை பாட்டிலின் அடிவரை இறங்குகிறது; அங்கிருந்த காற்று இன்னொரு குழாய் வழியே ஏறி நடு பாட்டிலின் தலைக்குப் போய் அழுத்துகிறது; நடு பாட்டில் தண்ணீர் மூன்றாவது குழாய் வழியே கிண்ணத்தில் பீச்சியடிக்கிறது. பீச்சிய தண்ணீர் மறுபடி கீழே இறங்குவதால் தானாகவே ஓடுவது போல் தெரியும். நடு பாட்டில் காலியானதும் நின்றுவிடும். முடிவில்லா இயந்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தரை பாட்டிலை எவ்வளவு கீழே இறக்குகிறீர்களோ அவ்வளவு உயரம் பீச்சும். மூடிகளில் காற்று கசியாமல் எம்-சீல் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழற்றிக் கழுவும் என் விதிக்கு இது மட்டும் விலக்கு.

மூங்கில் வைத்துச் செய்யலாமா?

அழகாக இருக்கும், நீடிக்காது. ஜப்பானியத் தோட்டங்களில் தண்ணீர் நிறைந்ததும் சாய்ந்து, கொட்டிவிட்டு, கல்லில் 'டொக்'கென்று மோதும் மூங்கிலைப் பார்த்திருப்பீர்கள். 'ஷிஷி-ஒதோஷி' என்று பெயர். பயிரை மேய வரும் மான்களை விரட்ட வைத்தது, பிறகு தோட்டத்து அலங்காரமாகிவிட்டது. மேசை அளவில் செய்யலாம். படுக்கையறைக்கு வேண்டாம், மான் போலவே நீங்களும் எழுந்து ஓடுவீர்கள். வார்னிஷ் அடித்தாலும் சில மாதத்தில் கறுக்கும், அடுத்த துண்டைத் தயாராக வையுங்கள்.

மீன் விடலாமா?

வேண்டாம். இடமும் போதாது, குட்டி மீனை மோட்டார் இழுத்துவிடும்.

பூ, வெட்டிவேர், வாசனை எண்ணெய்?

பூ போடுங்கள், மாலையில் எடுத்துவிடுங்கள். அழுகிய இதழ்தான் மோட்டாரின் முதல் எதிரி. வெட்டிவேரை மெல்லிய துணியில் முடிந்து போட்டால் இரண்டு நாள் மணக்கும், தண்ணீர் டீ நிறமாகும். எண்ணெய் மட்டும் கூடாது, நுரைக்கும், பிளாஸ்டிக் பாகங்களில் பிசுபிசுக்கும்.

எந்தத் திசையில் வைப்பது?

வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் ப்ளக் பாயிண்ட் தென்மேற்கில் இருந்தது. நீரூற்றும் அங்கேயேதான் இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது?

இரண்டு நாள் என்றால் அணைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போங்கள். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் மோட்டாரைக் கழுவி, உதறி, நன்றாகக் காய வைத்து எடுத்து வையுங்கள். ஈரத்தோடு விட்டால் உப்பு இறுகி விசிறி சுற்றாது. அப்படி இறுகியிருந்தால் வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். திரும்பி வந்ததும் தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்றி, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.